காத்திருக்க வைப்பது எது?

மடிக்கணினியில் எந்த மேம்பாட்டுக்குப் பணம் கொடுக்கலாம்

தேயாத பொருள் ஏன் தளர்கிறது?

வாங்கிய புதிதில் சிட்டாகப் பறந்த மடிக்கணினி நாலைந்து ஆண்டில் முக்கி முனக ஆரம்பிப்பது ஏன்? பொத்தானை அழுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்க் காபி கலந்து எடுத்து வந்தாலும் திரை தயாராகாத நிலை பல வீடுகளுக்குப் பழக்கமானது. ஆனால் இதில் ஒரு புதிர் இருக்கிறது. கணக்குகளைச் செய்யும் செயலியில் அசையும் பாகம் என்று எதுவும் கிடையாது. தேய்வதற்குப் பல்சக்கரம் இல்லை, உராய்வதற்கு அச்சு இல்லை. அதற்குள் இருக்கும் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் முதல் நாள் இயங்கிய அதே வேகத்தில் ஐந்தாம் ஆண்டிலும் இயங்கக்கூடியவை. அப்படியானால் தளர்ந்தது எது?

பெரும்பாலும் தளர்ந்தது கணினி அல்ல, கூடியது சுமை. உலாவி ஒவ்வொரு பதிப்பிலும் கொழுக்கிறது. இணையப் பக்கங்கள் படங்களையும் காணொளிகளையும் விளம்பர நிரல்களையும் சுமந்து வருகின்றன. இயங்குதளம் பின்னணியில் செய்யும் வேலைகள் பெருகுகின்றன. உள்ளே தூசி அடைந்து, செயலிக்கும் உலோகத் தகட்டுக்கும் இடையே தடவிய வெப்பப் பசை காய்ந்துபோனால் சூடும் ஏறும். இந்தச் சுமை எல்லா உறுப்புகள்மீதும் சமமாக இறங்குவதில்லை என்பதுதான் முக்கியம். ஏதோ ஓர் உறுப்பு முதலில் திணறுகிறது. மற்றவை அதற்காகக் கைகட்டி நிற்கின்றன.

புதிதாக வாங்கப் போகிறவருக்கும் இதே சிக்கல்தான். ஐ5 போதுமா, ஐ7 வேண்டுமா? 8 ஜிபியா, 16 ஜிபியா? 512 ஜிபியா, ஒரு டெராபைட்டா? தனி கிராஃபிக்ஸ் கார்டு அவசியமா? ஒவ்வொரு படிக்கும் சில ஆயிரங்கள் கூடுகின்றன. எல்லாமே ‘வேகம்’ என்ற ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. இந்த அத்தியாயம் சொல்லப்போவது ஒன்றுதான்: ஓர் உறுப்பை மேம்படுத்துவதால் கிடைக்கும் பலன், உங்கள் வேலை அந்த உறுப்புக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. அந்த உறுப்பின் விலைக்கும் பெயருக்கும் அதில் பங்கில்லை.

அம்தால் போட்ட கணக்கு

ஜீன் அம்தால் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் பிறந்தவர். ஐபிஎம் நிறுவனம் 1964இல் அறிவித்த சிஸ்டம்/360 கணினிகளை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர். ஒரு செயலிக்குப் பதில் பல செயலிகளைச் சேர்த்துவிட்டால் கணினி அத்தனை மடங்கு வேகமாகிவிடும் என்ற நம்பிக்கை அப்போது பரவிவந்தது. 1967இல் நடந்த கணினி மாநாடு ஒன்றில் அம்தால் அதை மறுத்தார். ஒரு வேலையில் வேகப்படுத்த முடிகிற பகுதியும் இருக்கிறது, முடியாத பகுதியும் இருக்கிறது. முன்னதை எத்தனை மடங்கு முடுக்கினாலும் பின்னது அப்படியே நிற்கும். மொத்த நேரம் அதற்குக் கீழே இறங்காது. அவர் வாதத்தின் சாரம் இவ்வளவுதான். பின்னாளில் இது அம்தால் விதி என்று பெயர் பெற்றது.

எளிமையானதாகத் தெரியும் இந்த விதி, கடையில் நிற்கும்போது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. ஆகவே ஓர் உதாரணக் கணினியை எடுத்துக்கொண்டு, அதை இந்த அத்தியாயம் முழுக்கக் கூடவே வைத்துக்கொள்வோம். தமிழக அரசு 2011இல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிய காலத்தில் சந்தையில் பரவலாக இருந்த வகை அது: சுழலும் வன்தட்டு, குறைந்த நினைவகம், நடுத்தரச் செயலி. பொத்தானை அழுத்தியதிலிருந்து உலாவி திறக்கும்வரை 90 வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 75 வினாடி வன்தட்டிலிருந்து தகவல் வரக் காத்திருப்பதில் போகிறது. மீதி 15 வினாடிதான் செயலி உண்மையில் உழைக்கும் நேரம்.

இப்போது இரு மடங்கு வேகமான செயலியைப் பொருத்துகிறோம். 15 வினாடி ஏழரை ஆகிறது. மொத்தம் 90இலிருந்து 82.5. செயலியின் வேகம் நூறு சதவீதம் கூடியது. நமக்குக் கிடைத்த மிச்சம் எட்டு சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் கணக்கை முடிக்கும் அதிசயச் செயலி கிடைத்தாலும் 75 வினாடிக்குக் கீழே இறங்க வழியில்லை. செயலிக்குச் செலவிட்ட பணம் கெட்ட பொருளுக்குப் போகவில்லை; காத்திருப்பு இல்லாத இடத்துக்குப் போய்விட்டது.

ஒரு நிமிடமும் நூறு நாளும்

அந்த 75 வினாடி எங்கே போனது என்று பார்க்க வன்தட்டுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டு அது. ஒரு சுற்றுக்குப் பதினொரு மில்லி வினாடி. படிக்கும் முனை வேண்டிய தடத்துக்கு நகர்ந்து, வேண்டிய இடம் தனக்குக் கீழே சுழன்று வரும்வரை நிற்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒரு முறைக்குச் சராசரியாக 15 மில்லி வினாடி பிடிக்கும். கேட்பதற்குச் சொற்பம்தான். ஆனால் கணினி விழித்தெழும்போது, தட்டில் இங்கும் அங்கும் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளைத் தேடி எடுக்கிறது. ஐயாயிரம் துண்டுகள் என்றால் 75 வினாடி. நம் உதாரணத்தின் கணக்கு அப்படி வந்ததுதான்.

எஸ்எஸ்டி எனப்படும் திடநிலைச் சேமிப்பகத்தில் சுழலும் தட்டு இல்லை. சில்லுகளுக்குள் மின்னூட்டமாகத் தேங்கியிருக்கும் தகவலை எங்கிருந்து வேண்டுமானாலும் ஒரே மாதிரி எடுக்கலாம். ஒரு முறைக்குச் சுமார் 0.1 மில்லி வினாடி. அதே ஐயாயிரம் துண்டுகளுக்கு இப்போது அரை வினாடி. பெரிய கோப்புகளைப் படிக்கும் நேரம் சற்றுக் கூடச் சேரலாம். ஆனாலும் 90 வினாடி பதினைந்து, பதினாறு வினாடிக்கு வந்துவிடுகிறது. செயலியை மாற்றாமல், சில ஆயிரம் ரூபாய்ப் பொருளால் கிடைத்த பலன் இது.

கணினிக்குள் இருக்கும் கால வித்தியாசங்கள் மனித அனுபவத்துக்கு எட்டாதவை. ரேம் என்று கடைக்காரர் சொல்லும் நினைவகத்திலிருந்து ஒரு தகவல் வரச் சுமார் 100 நானோ வினாடி ஆகும். அதை ஒரு நிமிடமாக நீட்டிப் பார்ப்போம். அந்த அளவுகோலில் எஸ்எஸ்டியிலிருந்து தகவல் வர ஏறத்தாழ பதினேழு மணி நேரம். வன்தட்டிலிருந்து வர நூறு நாளுக்கு மேல். செயலி எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தால் என்ன, நூறு நாள் கழித்து வரும் பதிலுக்காகத்தானே அது உட்கார்ந்திருக்கிறது?

எஸ்எஸ்டி எழுத எழுதத் தேயுமே, வன்தட்டு அல்லவா நீடித்து உழைக்கும் என்று ஓர் ஆட்சேபம் உண்டு. தேயும் என்பது உண்மை. எத்தனை காலத்தில் என்பதைக் கணக்கிட வேண்டும். 500 ஜிபி அளவுள்ள நல்ல எஸ்எஸ்டிக்கு 300 டெராபைட் எழுதும்வரை உத்தரவாதம் தருவது வழக்கம். தினமும் 20 ஜிபி எழுதினாலும் அந்த எல்லையைத் தொட நாற்பது ஆண்டுகளாகும். அதற்கு முன்பே வேறு ஏதாவது பழுதாகலாம். ஆகவே முக்கியமான கோப்புகளுக்கு வேறிடத்தில் நகல் வைப்பது எந்தச் சேமிப்பகமானாலும் அவசியம்.

நினைவகம்: ஒரு விளிம்பு

நினைவகத்தைக் கூட்டினால் வேகம் கூடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். சரியாகச் சொன்னால், நினைவகம் போதாதபோதுதான் வேகம் குறைகிறது. இரண்டும் ஒன்றல்ல. நினைவகம் போதாவிட்டால், உடனடியாகத் தேவைப்படாது என்று கருதும் பகுதிகளை இயங்குதளம் சேமிப்பகத்துக்கு ஒதுக்கிவிட்டு, தேவைப்படும்போது திரும்ப எடுத்துவரும். 1962இல் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியில் முதன்முதலாகச் செயல்பட்ட உத்தி இது. சின்ன நினைவகத்தைப் பெரியதாகக் காட்டும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதற்கு ஒரு விளிம்பு இருக்கிறது. அதைத் தாண்டினால் எல்லாம் சரிந்துவிடும்.

அந்த விளிம்பை விளக்கியவர் பீட்டர் டென்னிங். ஒரு நிரல் குறிப்பிட்ட நேரத்தில் உண்மையாகவே புழங்கும் பகுதிகளின் தொகுப்பை அவர் 1968இல் வரையறுத்தார். அதைப் புழங்குதொகை என்று அழைக்கலாம். திறந்திருக்கும் எல்லா நிரல்களின் புழங்குதொகையும் நினைவகத்துக்குள் அடங்கினால் கணினி நன்றாக ஓடும். அடங்காவிட்டால், ஒன்றை உள்ளே கொண்டுவர இன்னொன்றை வெளியேற்றி, வெளியேற்றியதே மறுகணம் தேவைப்பட்டு, கணினி தன் நேரத்தையெல்லாம் இந்த மாற்றாட்டத்திலேயே கழிக்கும்.

இதன் கொடுமையை ஒரு கணக்கு காட்டிவிடும். ஆயிரம் முறை தகவல் கேட்கும்போது 999 முறை நினைவகத்திலேயே கிடைக்கிறது. ஒரே ஒரு முறை சேமிப்பகத்துக்குப் போக நேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். சேமிப்பகம் எஸ்எஸ்டியானால் சராசரிக் காத்திருப்பு 100 நானோ வினாடியிலிருந்து 200 ஆகும். கணினி பாதி வேகத்துக்கு வந்துவிடும். வன்தட்டானால் அதே சராசரி 15,100 நானோ வினாடி. அதாவது 151 மடங்கு மந்தம். ஆயிரத்தில் ஒன்று தவறியதற்கு இந்தத் தண்டனை! பழைய கணினி நேற்றுவரை ஓரளவு ஓடி, இன்னும் இரண்டு தாவல்களை உலாவியில் திறந்ததும் திடீரென்று உறைந்துபோவதன் காரணம் இதுதான்.

இதிலிருந்து வாங்குபவருக்கு இரண்டு பாடங்கள். உங்கள் அன்றாட வேலையின் புழங்குதொகை ஆறு ஜிபி என்றால், 4 ஜிபியிலிருந்து 8 ஜிபிக்குப் போவது கணினிக்கு மறுபிறவி. 8இலிருந்து 16க்குப் போனால் இன்றைக்குக் கிடைப்பது சொற்பம். கோப்புகளைக் கையருகே வைத்துக்கொள்ள அந்தக் காலியிடத்தை இயங்குதளம் பயன்படுத்திக்கொள்ளும் என்ற அளவில்தான் பலன். ஆனால் புழங்குதொகை ஆண்டுதோறும் வளர்வதால் 16 என்பது நாளைக்கான இடம். இதே தர்க்கத்தில், மின்னஞ்சலும் உலாவியும் ஆவணங்களும் மட்டுமே புழங்குபவருக்கு 32 ஜிபி வெறும் அலங்காரம். இரண்டாவது பாடம்: தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் திரைப் படங்களை வரையும் பகுதியும் இதே நினைவகத்தைத்தான் பகிர்ந்துகொள்கிறது. அங்கே ஒரே 16 ஜிபி பலகையைவிட இரண்டு 8 ஜிபி பலகைகள் மேல். தகவல் வரும் பாதை இரண்டாகிவிடுவதால் விளையாட்டுகளில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

பெயரில் ஏழு, உள்ளே நான்கு

செயலிக்கு வருவோம். 2017இல் இன்டெல் வெளியிட்ட இரண்டு மடிக்கணினிச் செயலிகளை ஒப்பிட்டால் விஷயம் விளங்கும். ஐ5-8250யு, ஐ7-8550யு. இரண்டிலும் நான்கு உள்ளகங்கள். அதாவது தனித்தனியே கணக்கிடும் நான்கு பகுதிகள். இரண்டுக்கும் வகுத்த மின்சார அளவு ஒன்றே: 15 வாட். உச்ச வேகம் மட்டும் 3.4 கிகாஹெர்ட்ஸ், 4.0 கிகாஹெர்ட்ஸ், தற்காலிகத் தகவலை வைக்கும் உள்நினைவு 6 எம்பி, 8 எம்பி. உச்ச வேக வித்தியாசம் 18 சதவீதத்துக்கு உட்பட்டது. ஒரு வேலையில் பாதி நேரம் இணையத்துக்காகக் காத்திருப்பது என்றால், அம்தால் கணக்கின்படி நூறு வினாடி வேலை 92 அல்லது 93 வினாடியில் முடியும். அவ்வளவுதான்.

அந்த உச்ச வேகமும் நீடிக்காது. செயலியின் வேகத்தைக் கூட்ட மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருக்கிறது. வேகம் கொஞ்சம் ஏறினால் வெப்பம் மிகுதியாக ஏறும். டிரான்சிஸ்டர்களைச் சிறிதாக்கினால் வேகம் கூடியும் சூடு கூடாது என்று ராபர்ட் டென்னார்டும் சகாக்களும் 1974இல் காட்டிய வழி முப்பது ஆண்டுகள் உலகத்தை நடத்தியது. ஆனால் மிகச் சிறிய அளவில் மின்சாரம் கசியத் தொடங்கியதும் அந்த வழி அடைபட்டது. 2004இல் 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை வந்த பென்டியம் 4, நான்கைத் தொடாமலே கைவிடப்பட்டது. அதன்பிறகு எல்லை வகுப்பது பெரும்பாலும் வெப்பம்தான். ஒரு விரற்கடை தடிமனுள்ள மடிக்கணினிக்குள் சின்ன விசிறி எவ்வளவு சூட்டை வெளியேற்ற முடியுமோ அவ்வளவுதான் நீடித்த வேகம். மெல்லிய உடலுக்குள் வைத்த விலையுயர்ந்த செயலி சில நிமிடங்கள் பாய்ந்துவிட்டு, மலிவான தன் தம்பியின் வேகத்துக்கு அருகே இறங்கிவிடும்.

பெயரைவிடத் தலைமுறையைப் பார்ப்பது புத்திசாலித்தனம். மேலே சொன்னதற்கு முந்தைய ஆண்டு வந்த ஐ7-7500யு செயலியில் இரண்டே உள்ளகங்கள். அடுத்த ஆண்டின் ஐ5இல் நான்கு. பல வேலைகளை ஒருசேரச் செய்யும்போது புதிய ஐ5 பழைய ஐ7ஐ எளிதாக முந்தியது. மேசைக் கணினிகள் பலவற்றில் செயலியைப் பின்னால் மாற்றலாம். இன்றைய மடிக்கணினிகளில் அது தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டது. ஆகவே வாங்கும்போது செயலியைக் கவனிக்க வேண்டும் என்பது சரி. கவனிக்க வேண்டியவை அதன் வயது, உள்ளகங்களின் எண்ணிக்கை, கணினி அதைக் குளிர்விக்கும் திறன் ஆகியவை. பெட்டியில் ஒட்டிய எண்ணுக்கு அடுத்த இடம் போதும்.

ஏழாயிரம் மெகாபைட் யாருக்கு?

எஸ்எஸ்டியிலும் இதே வலை உண்டு. சாட்டா வகை வினாடிக்கு ஏறத்தாழ 550 எம்பி படிக்கும். என்விஎம்இ வகையில் புதியவை 7,000 எம்பி என்று விளம்பரம் சொல்லும். பதின்மூன்று மடங்கு என்றால் பணம் கொடுக்கத் தோன்றத்தான் செய்யும். ஆனால் அந்த எண் நீளமான ஒரே கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது கிடைப்பது. அன்றாடம் நிகழ்வது சிதறிய சிறு துண்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்பது. அந்தச் சோதனையில் சாட்டா எஸ்எஸ்டி வினாடிக்கு 30, 40 எம்பி தந்தால், அதிவேகமானவையும் பெரும்பாலும் நூறை ஒட்டியே நின்றுவிடுகின்றன. பதின்மூன்று மடங்கு இரண்டு, மூன்று மடங்காகச் சுருங்கிவிடுகிறது.

நம் உதாரணக் கணினியில் இதைப் போட்டுப் பார்ப்போம். எஸ்எஸ்டி பொருத்தியபின் மொத்தம் 15.5 வினாடி, அதில் சேமிப்பகத்துக்கான காத்திருப்பு அரை வினாடி. ஐந்து மடங்கு வேகமான எஸ்எஸ்டி வாங்கினால் அது 0.1 வினாடியாகும். 15.5 வினாடி 15.1 ஆவதை எந்த மனிதரும் உணர முடியாது. முதல் எஸ்எஸ்டி 74 வினாடியை மிச்சப்படுத்தியது. அதன் மேம்பட்ட பதிப்பு அரை வினாடிகூட மிச்சப்படுத்தவில்லை. இப்போது செயலிதான் இடைஞ்சல்: இந்த நிலையில் இரு மடங்கு செயலி 15.5 வினாடியை எட்டாக்கும். முன்பு எட்டு சதவீதம் தந்த அதே செயலி இப்போது நேரத்தைப் பாதியாக்குகிறது. ஒரு தடையை நீக்கியதும் அடுத்தது தலைதூக்கும்; ஆகவே ஒரு மேம்பாட்டின் மதிப்பு நிலையானதல்ல, அதற்கு முன் என்ன செய்தோம் என்பதைப் பொறுத்தது.

காணொளி தொகுப்பவர் கேட்கும் கேள்வி

இதுவரை சொன்னது செயலிக்கு எதிரான வழக்கு போலத் தோன்றலாம். அப்படியல்ல. கல்யாணக் காணொளிகளைத் தொகுத்துத் தரும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரு மணி நேரம் ஓடும் வேலையில் 55 நிமிடம் செயலியின் உழைப்பு, ஐந்து நிமிடம் கோப்புகளை எடுத்து வைப்பது என்றால், இரு மடங்கு செயலி 60 நிமிடத்தை 32.5 ஆக்கும். ஒவ்வொரு நாளும் இதில் பிழைப்பு நடத்துபவருக்குச் செயலிக்குக் கொடுத்த கூடுதல் பணம் சில மாதங்களில் திரும்பிவிடும். 50 ஜிபி காணொளியைப் படித்தெடுக்க சாட்டா எஸ்எஸ்டியில் ஒன்றரை நிமிடம், அதிவேக எஸ்எஸ்டியில் ஏழு, எட்டு வினாடி; அவருக்கு விளம்பரம் சொல்வதும் உண்மைதான். விதி மாறவில்லை, காத்திருக்கும் இடம் மாறியது, விடையும் மாறியது.

தனி கிராஃபிக்ஸ் கார்டும் அப்படியே. முப்பரிமாண விளையாட்டு, அசைவூட்டம், செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டுவது ஆகியவற்றுக்கு அதைவிடச் சிறந்த செலவு இல்லை. ஆவணம் தட்டுபவருக்கு அது சூட்டையும் எடையையும் கூட்டி மின்கலத்தைக் குடிக்கும் விருந்தாளி. அண்மையில் ‘ஏஐ பிசி’ என்ற அடையாளம் பரவியிருக்கிறது. 2024இல் மைக்ரோசாஃப்ட் தன் கோபைலட் பிளஸ் கணினிகளுக்கு, செயற்கை நுண்ணறிவுக் கணக்குகளுக்கென்றே ஒரு தனிப் பகுதி வேண்டும், அது வினாடிக்கு 40 லட்சம் கோடி செயல்களைச் செய்ய வேண்டும் என்று விதித்தது. ஆனால் பலர் புழங்கும் உரையாடல் நிரல்கள் தொலைதூரத் தரவு மையத்தில் ஓடுகின்றன. உங்கள் கணினியின் அந்தப் பகுதி அப்போது சும்மா இருக்கும். அதே விதிகளில் குறைந்தது 16 ஜிபி நினைவகம் கட்டாயமாக்கப்பட்டதுதான் சாதாரணப் பயனருக்குக் கிடைத்த உருப்படியான நன்மை.

எது இடைஞ்சல் என்று ஊகிக்க வேண்டியதில்லை, கணினியே சொல்லும். விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். மந்தமாக இருக்கும் அந்த நேரத்திலேயே அதைப் பார்க்க வேண்டும். டிஸ்க் நூறு சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு, செயலி இருபதில் தூங்கினால் வன்தட்டு குற்றவாளி. மெமரி தொண்ணூறைத் தாண்டி நின்றால் புழங்குதொகை விளிம்புக்கு வந்துவிட்டது. செயலி நீண்ட நேரம் நூறில் நின்றால் அது இடைஞ்சல். செயலி ஓயாமல் உழைத்தும் அதன் கிகாஹெர்ட்ஸ் எண் தொடர்ந்து தாழ்ந்தே இருந்தால் சூட்டைச் சந்தேகிக்கலாம்; தூசி தட்டி வெப்பப் பசையைப் புதுப்பிப்பதே அங்கே மலிவான மேம்பாடு. எதுவுமே உச்சத்தில் இல்லாமல் பக்கம் மட்டும் திறக்க மறுத்தால் மடிக்கணினியை விட்டுவிட்டு இணைய இணைப்பைப் பார்க்க வேண்டும்.

இன்று வாங்குவதும் நாளை வாங்குவதும்

‘எப்படியும் வாங்குகிறோம், இப்போதே பெரிதாக வாங்கிவிடலாமே’ என்பது நம் ஊரில் அடிக்கடி கேட்கும் வாதம். அதில் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்பதைத் தீர்மானிப்பது, அந்த உறுப்பைப் பின்னால் மாற்ற முடியுமா என்பது. ஆப்பிள் 2012இல் ரெட்டினா மேக்புக் ப்ரோவில் நினைவகத்தைத் தாய்ப்பலகையோடு பற்றவைத்தது. மெல்லிய கணினிகள் பலவும் அந்த வழிக்கு வந்துவிட்டன. நினைவகம் செயலிக்கு நெருக்கமாக இருந்தால் மின்சாரம் மிச்சம், வேகம் கூடுதல் என்பது அதற்கான நியாயம். கழற்றி மாட்டத்தக்க புதிய வகை நினைவகப் பலகை ஒன்றுக்கான தரநிலை 2023 இறுதியில் வெளியானாலும் அது இன்னும் பரவலாகவில்லை. எனவே பற்றவைத்த நினைவகமுள்ள கணினியில், இன்றைய தேவைக்கு ஒரு படி மேலே இப்போதே வாங்குவதுதான் சரி. ஆப்பிளே 2024 அக்டோபரில் தன் கணினிகளின் தொடக்க அளவை 8இலிருந்து 16 ஜிபிக்கு உயர்த்திக்கொண்டது. ஒரு காலத்தில் போதும் என்றிருந்த அளவு எவ்வளவு சீக்கிரம் போதாமல் போகிறது என்பதற்கு அது சான்று.

மாறாக, உள்ளே காலி இடமுள்ள கணினியில் பெரிய எஸ்எஸ்டிக்கும் கூடுதல் நினைவகத்துக்கும் முன்கூட்டியே பணத்தை முடக்கத் தேவையில்லை. இவற்றின் விலை நீண்ட காலமாக இறங்கிவந்திருக்கிறது. எப்போதும் இறங்கும் என்று எழுதிவைக்கவும் முடியாது: 2025இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் சில்லுகளை அள்ளிக்கொள்ள, நினைவகத்தின் விலை மளமளவென்று ஏறியது. ஆனாலும் தேவை வந்தபின் வாங்குபவர் தனக்குத் தெரிந்த தேவைக்குப் பணம் தருகிறார்; முன்பே வாங்குபவர் ஊகத்துக்குத் தருகிறார்.

பழைய கணினியை மேம்படுத்துவதற்கும் ஓர் எல்லை உண்டு. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லும் ஏறக்குறைய 2017க்குப் பிந்தைய செயலியும் நம் உதாரணக் கணினியில் இல்லை. லினக்ஸுக்கு மாறத் தயார் என்றால் எஸ்எஸ்டியும் நினைவகமும் அதற்கு இன்னும் சில ஆண்டுகள் தரும். விண்டோஸ்தான் வேண்டும் என்றால் அதே பணத்தை அடுத்த கணினிக்கு ஒதுக்குவது நல்லது.

கடைசி இடைஞ்சல் மனிதர்

எஸ்எஸ்டி இருக்கிறது, நினைவகம் புழங்குதொகையைத் தாங்குகிறது, செயலி அண்மைத் தலைமுறை. அதன்பிறகு என்ன நடக்கிறது? தட்டச்சு செய்பவரின் அடுத்த எழுத்துக்காக, படிப்பவரின் அடுத்த சொடுக்குக்காகக் கணினிதான் காத்திருக்கிறது. ஒரு நாளில் ஆறு மணி நேரம் கணினிமுன் அமர்பவர் அதன் மந்தத்தால் இழப்பது ஐந்து நிமிடம் என்றால், உலகின் அதிவேகச் செயலியும் அவருக்கு அந்த ஐந்து நிமிடத்துக்கு மேல் தர முடியாது. மீதி நேரமெல்லாம் அவர் கண் திரையில் இருக்கிறது, விரல் விசைகளில் இருக்கிறது. அங்கே செலவிடும் பணம் ஆறு மணி நேரத்தையும் தொடுகிறது.

ஆகவே திரையின் வெளிச்சமும் தெளிவும், விசைப்பலகையின் நயமும், மின்கலத்தின் கொள்ளளவும் வேகப் பட்டியலில் இல்லாததால் இரண்டாம்தரமானவை ஆகிவிடுவதில்லை. திரையைப் பின்னால் மேம்படுத்துவது பெரும்பாலும் நடக்காத காரியம். அதனால் அதற்கு வாங்கும்போதே பணம் கொடுக்க வேண்டும். மின்கலம் தேயும் பொருள். சில நூறு முறை மின்னேற்றியபின் கொள்ளளவு குறையும். எனவே மாற்றத்தக்க மின்கலமா என்று கேட்டுவிட்டு வாங்கலாம்.

மொத்தத்தில் வரிசை இது. வன்தட்டு இருந்தால் முதல் பணம் எஸ்எஸ்டிக்கு. எந்த எஸ்எஸ்டியானாலும் சரி. அடுத்தது, புழங்குதொகை அடங்கும் அளவு நினைவகம்; பற்றவைத்ததென்றால் ஒரு படி மேலே. பிறகு அண்மைத் தலைமுறையின் நடுத்தரச் செயலி. மிச்சப் பணம் திரைக்கு. ஐ7, தனி கிராஃபிக்ஸ் கார்டு, 7,000 எம்பி எஸ்எஸ்டி ஆகியவற்றுக்குப் பணம் கேட்டால், ‘என் வேலை இதற்காக ஒரு நாளில் எத்தனை நிமிடம் காத்திருக்கிறது?’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பதில் சொல்ல முடிந்தவர் தாராளமாக வாங்கலாம். சொல்ல முடியாதவர் அந்தப் பணத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளலாம்.